சுவரில் இருந்த மலை

எந்த வீட்டில்தான் பிள்ளையைப் பார்த்து "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லி அழவைக்கவில்லை? எல்லாப் பிள்ளைகளும் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு மறந்துபோகும். இவள் மறக்கவில்லை. ஏனென்றால் இவளிடம் சாட்சி இருந்தது.

சாட்சி கூடத்துச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. ஒரு மலைப்பாதை. ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் பெரிய பாறை. அதற்கு முன்னால் அப்பா, அவர் கழுத்தில் காலைப் போட்டு உட்கார்ந்திருக்கும் தம்பி, பக்கத்தில் ஒரு கையைத் தூக்கி வாயைத் திறந்தபடி அம்மா. பின்னால் தூரத்தில் இரண்டு சிகரங்கள். குடும்பம் மொத்தமும் இருக்கிறது, மூத்தவள் மட்டும் இல்லை. தம்பிக்கு அப்போது ஒன்றரை வயது, அப்படியென்றால் இவளுக்கு ஐந்து. ஐந்து வயதுப் பிள்ளையை எங்கே விட்டுவிட்டுப் போனார்கள்? பெரியம்மா வீட்டில். பெரியம்மா வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு, போகிற பஸ்ஸைப் பார்த்துக் கதறியது அவளுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. கேட்டின் பச்சை பெயின்ட் உரிந்து கையில் ஒட்டியதுகூட ஞாபகம் இருக்கிறது.

"நீயும்தான்டி வந்தே. பெரியம்மா வீட்ல விட்டது தம்பி பொறந்தப்போ. நீ ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறே" என்று அம்மா சொல்லாத நாளில்லை.

"வந்தேன்னா நான் எங்கே? ஒரு படத்துலயாவது இருக்கேனா?"

"மத்ததெல்லாம் வெளிச்சம் பட்டு வீணாப் போச்சுடி. தப்பிச்சது இது ஒண்ணுதான்."

இதைச் சொன்ன கையோடு அம்மா சமையலறைக்குள் போய்விடுவாள். போய் எதையாவது உருட்டுவாள். பதில் இல்லாதவர்கள்தான் பாத்திரத்தை உருட்டுவார்கள் என்று இவள் முடிவுகட்டி எத்தனையோ வருஷமாயிற்று.

அவளுக்கு நாற்பது வயதாகியும் தம்பி அவளைத் "தவிடு" என்றுதான் கூப்பிடுகிறான். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், பழகிவிட்டது.

தவிடு வேலை பார்ப்பது விசாவுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கடையில். ஒரு வெள்ளைத் திரை, ஒரு முக்காலி, இரண்டு விளக்கு, சுவரில் சீப்போடு ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் கடை. காது இரண்டும் தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது, தலை சாயக் கூடாது, கேமரா கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். வந்து உட்காருகிற யாரையும் அவள் ஆளாகப் பார்ப்பதில்லை. தாடையை இறக்குங்க, வாயை மூடுங்க, அசையாதீங்க, அடுத்தவங்க வாங்க. படம் கம்ப்யூட்டருக்கு வந்ததும் சாய்வை நிமிர்த்துவாள், ஓரத்தை வெட்டுவாள், கறையைத் துடைப்பாள். யோசிக்கவே வேண்டாம், கை தானாகச் செய்யும்.

சுவரில் இருக்கும் அந்தப் படத்தையும் அந்தக் கைதான் செய்தது. அப்பா காலமானபோது, சின்னதாகப் பெட்டிக்குள் கிடந்ததை எடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டாள். மூலப் படம் பார்க்கச் சகிக்காது. மலையே சரிந்து விழுவதுபோலச் சாய்ந்திருந்தது. ஒரு பக்கம் ஆரஞ்சாக வெந்திருந்தது. கீழ் மூலையில் சிவப்பாக ஒரு திட்டு. சாய்வை நிமிர்த்தி, ஓரங்களை நறுக்கென்று வெட்டி, நல்ல வெளிச்சம் ஏற்றிக் கொண்டுவந்து மாட்டினாள். வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். அம்மா மட்டும்தான் ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஓரத்தை ஏன் வெட்டினே? அது இருந்துட்டுப் போகட்டுமே."

"அது கறைம்மா. கறையோட யாராவது சட்டம் போடுவாங்களா? உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

அம்மா சமையலறைக்குள் போனாள், பாத்திரம் உருண்டது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் கிரீஸும் கையுமாகக் கிடப்பவனுக்கு லீவு வந்தால் மலை உச்சி வேண்டும். அப்படிப் போன ஒரு நாள் மேலேயிருந்து ஒரு படம் அனுப்பினான். "தவிடு, நம்ம வீட்டுச் சுவர்ல இருக்கிற மலை இதுதானே?"

கடையில் ஒரு பெரியவர் முக்காலியில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, அசையாமல் இருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டு இவள் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டு சிகரம். வலது சிகரத்தின் உச்சியில் உடைந்த பல் மாதிரி ஒரு வெட்டு. அதேதான். பெரியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, மூச்சு விடலாமா?" என்று கேட்டபோதுதான் இவளுக்கு உலகம் திரும்பி வந்தது.

"நானும் வரேன்டா" என்றாள் அன்று சாயங்காலம்.

"நீயா? மாடிப்படி ஏறினாலே மூட்டு வலிக்குதுங்கிறே."

"என்னை விட்டுட்டு நீங்க எல்லாரும் கூத்தடிச்ச இடம் எப்படி இருக்குன்னு நான் பாத்தே ஆகணும். பாறைக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கு, யார் நின்னா, எங்கே நின்னா, எல்லாம் தெரிஞ்சாகணும். செத்தா அங்கேயே போட்டுட்டு வந்துடு."

கிளம்பினார்கள். சுவர்ப் படத்தின் பிரதி ஒன்றை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டாள். கடையில் அவசரத்துக்கென்று கிடக்கும் பழைய காம்பாக்ட் கேமராவையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். உள்ளங்கையில் அடங்குகிற சைஸ், மூலையெல்லாம் தேய்ந்தது, ஆனால் சொன்ன பேச்சுக் கேட்கும்.

அவள் வாழ்க்கையில் எடுத்த முதல் இயற்கைக் காட்சிகளைப் பற்றி என்ன சொல்ல! ஒரு மரம், நட்ட நடுவில். ஒரு மலை, நட்ட நடுவில், தலைக்கு மேல் அளந்து விட்டதுபோல் இடம். ஒரு குன்றுக்குப் பின்னால் மூடுபனி வந்து வெள்ளையாக நின்றபோதுதான் அவளுக்கு மனம் நிறைந்தது. வெள்ளைத் திரை! தம்பி கேமராத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, இந்த மலைக்கு எந்த நாட்டு விசா?"

"சிரிக்காதே. பல் தெரியுது."

"காது ரெண்டும் தெரியுதான்னு பாத்துக்க. இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவான்."

ஆனால் ஏற ஏற அவளுக்கு ஒன்று புரிந்தது. இங்கே யாரையும் அசையாதே என்று சொல்ல முடியாது. மேகம் அது பாட்டுக்குப் போகிறது, நிழல் அது பாட்டுக்குச் சரிவில் இறங்குகிறது. ஒரே குன்றை மூன்று தரம் எடுத்தாள், மூன்றும் வேறு வேறு குன்று. இத்தனை வருஷமாகப் படம் எடுத்துப் பிழைப்பவள், வெளிச்சத்துக்காகக் காத்திருந்ததே இல்லை. சுவிட்சைப் போட்டால் வருவதுதான் அவளுக்கு வெளிச்சம். இது என்னடா புது வம்பு என்று நினைத்தாள், ஆனால் பிடித்திருந்தது. மூட்டு வலியைக்கூட மறந்துவிட்டாள். தம்பிதான் அடிக்கொரு தரம் நின்று, "வா தாயே, இருட்டறதுக்குள்ள இறங்கணும்" என்று விரட்ட வேண்டியிருந்தது.

ஒரு திருப்பம் திரும்பினார்கள். பாறை நின்றது.

தவிடு அப்படியே நின்றுவிட்டாள். எத்தனை வருஷம் அந்தப் பாறையை முறைத்திருப்பாள்! சுவரில் சாணளவு இருந்தது இங்கே இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் சூடேறியிருந்தது. அதன் பின்னால் என்ன என்று எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை, புல்லும் ஒரு காலி தண்ணீர் பாட்டிலும்தான்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதுக்குப் போயா என்னை விட்டுட்டு வந்தாங்க?"

கிண்டல் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று தம்பிக்குத் தெரியும். பையைத் திறந்து ரொட்டியையும் அவித்த முட்டையையும் வெளியே எடுத்தான். சிகரங்களை மேகம் மூடியிருந்தது, அது விலகும் வரை வேறு வேலையும் இல்லை. தின்றுகொண்டே இருவரும் பிரதியை நடுவில் வைத்துப் பார்த்தார்கள்.

"அம்மா கையைத் தூக்கிட்டு என்னடா சொல்றா இதுல? வாய் திறந்திருக்கு பாரு. என் கடையா இருந்தா இந்தப் படம் செல்லாது."

"என்னைக் கேட்டா? நான் அப்பா தலைமுடியைப் பிய்ச்சிட்டிருக்கேன். கவனம் பூரா அதுல."

மேகம் விலகியது. முதலில் இடது சிகரம், பிறகு உடைந்த பல்லோடு வலது சிகரம். தவிடு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ போய் அப்பா இடத்துல நில்லு. இன்னும் கொஞ்சம் இடது. போதும். தாடையை இறக்கு."

பிரதியை இடது கையிலும் கேமராவை வலது கையிலும் பிடித்து, படமெடுத்தவர் நின்ற இடத்தைத் தேடினாள். இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பக்கவாட்டில் நகர்ந்தால் பாறைக்குப் பின்னால் சிகரங்கள் இங்கும் அங்கும் நழுவும். முன்னால் போனால் பாறை அகலமாகும், பின்னால் வந்தால் ஒடுங்கும். இரண்டையும் படத்தோடு ஒத்துப் பார்த்தால் நின்ற இடம் கிடைத்துவிடும். கிடைத்தது. பாதையோரம், மலைச் சுவரை ஒட்டி ஒரு தட்டைக் கல். அதில் ஏறி நின்றாள். பாறையின் அகலம் சரி. சிகரங்களின் இடம் சரி.

ஒன்று மட்டும் சரியில்லை. சுவர்ப் படத்தில் இரண்டு சிகரங்களுக்கும் நடுவில் உள்ள பள்ளம் தெரியாது. பாறையின் உச்சி அதை மறைத்துக்கொண்டிருக்கும். இங்கே அந்தப் பள்ளம் பாறைக்கு மேலே எட்டிப் பார்த்தது. நடுவில் வானம் தெரிந்தது.

ஓரடி முன்னால் போனாள். பள்ளம் மறைந்தது, ஆனால் பாறை அகலமாகி இடது சிகரத்தையும் தின்றுவிட்டது. மறுபடி கல்லுக்கு வந்தாள். பள்ளம் எட்டிப் பார்த்தது. ஜூமை இழுத்தாள், விட்டாள். எல்லாம் சேர்ந்து பெரிதாயிற்று, எல்லாம் சேர்ந்து சிறிதாயிற்று, பள்ளம் போவதாயில்லை.

"அக்கா, கால் வலிக்குது."

"நில்லுடா. முப்பத்தஞ்சு வருஷமா நான் நிக்கலியா?"

எரிச்சலில் பிரதியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்து பார்த்துச் சிரிக்கிறார். அம்மாவும் குனிந்துதான் பார்க்கிறாள். வெயிலில் கண் கூசியிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கண் கூசினால் சுருக்குவார்கள். இவர்கள் சுருக்கவில்லை. கேமராவைத்தான் பார்க்கிறார்கள். கேமரா கீழே இருக்கிறது.

ஐயோ, இது தன் தொழிலாயிற்றே! கேமரா கண்ணுக்கு நேராக இருக்கிறதா என்று நாளெல்லாம் அடுத்தவர் முகத்தில் பார்ப்பவள், சொந்த அப்பா முகத்தில் பார்க்கவில்லை. மூட்டு கடக்கென்று சத்தம் போட, தட்டைக் கல்லில் மெல்ல உட்காரத் தொடங்கினாள். அவள் தாழத் தாழ, திரையில் பாறை உயர்ந்தது. பள்ளம் சுருங்கியது, இன்னும் சுருங்கியது, மறைந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டாள். பிரதியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். நூல் பிசகாமல் பொருந்தியது.

"டேய், இங்கே வா. இந்தப் படத்தை எடுத்தது யாரு?"

"யாராவது வழியில போனவங்க."

"மண்டி போட்டா எடுத்தாங்க?"

"சில பேர் தரையில உருண்டுகூட எடுப்பாங்க. நான் பாத்திருக்கேன்."

"அது சரி. அப்பா தன்னோட கேமராவை யார் கையிலயாவது குடுத்து நீ பாத்திருக்கியா?"

அப்பாவின் கேமரா ஊரறிந்த சங்கதி. துணிப்பைக்குள் துணி சுற்றி வைத்திருப்பார். பெரியப்பா ஒரு கல்யாணத்துக்கு இரவல் கேட்டபோது, கேமராவைக் கொடுக்க மனமில்லாமல் அப்பாவே லீவு போட்டுவிட்டு அந்தக் கல்யாணத்துக்குப் போனார். கேமராவைக் கேட்டால் கேமராவோடு அப்பாவும் வருவார் என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அந்த மனுஷன், மலையில் போகிற ஊர் பேர் தெரியாத ஆளிடமா நீட்டியிருப்பார்?

தம்பி அவள் கையிலிருந்த கேமராவைப் பார்த்தான். அது கல்லிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தான். பிறகு தானும் கல்லில் ஏறி, தன் உள்ளங்கையைக் கவிழ்த்து, அந்த உயரத்தில் காற்றில் வைத்தான். அவன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அவனுக்கு ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

"அக்கா" என்றான். குரலில் கிண்டல் இல்லை. "என் சின்னவளோட கண்ணு இங்கேதான் இருக்கும்."

தவிடு பிரதியை உறைக்குள் போட்டாள். "அம்மாவைக் கூப்பிடு" என்றாள்.

சிக்னல் எங்கே இருக்கிறது அங்கே! தம்பி பாதையில் மேலும் கீழும் ஓடி, போனைத் தலைக்கு மேல் பிடித்து, கடைசியில் பாறையின் சரிந்த பக்கத்தில் ஏறி நின்றபோது மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் அம்மா.

"அம்மா, அந்தப் படத்தை எடுத்தது யாரு?" தவிடு கீழேயிருந்து கத்தினாள்.

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் உருண்டது.

"பாத்திரத்தை வெச்சுட்டுப் பதில் சொல்லு!"

"எதுக்குடி கத்தறே? நீதான் எடுத்தே. வேற யாரு? நானும் எடுக்கறேன், நானும் எடுக்கறேன்னு வழியெல்லாம் அழுதே. அப்பாதான் கேமராவை உன் கழுத்துல மாட்டி, கல்லு மேல நிக்கவெச்சார். அதான் படத்துலயே உன் விரல் இருந்துதே. நீதானே அதைக் கறைன்னு வெட்டிப் போட்டே."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தாள் என்பார்கள். இவள் வெண்ணெயைத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டல்லவா அலைந்திருக்கிறாள்! கீழ் மூலையில் சிவப்பாக இருந்த திட்டு. லென்ஸை மறைத்த ஐந்து வயது விரல்.

"ஏம்மா சொல்லலை?" அவளுக்கு அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது. "இத்தனை வருஷமா நான் இல்லே, நான் இல்லேன்னு கேட்டுட்டே இருந்தேனே. நீதான் எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு உனக்கு?"

"சொன்னா, மத்ததுல எப்படி வெளிச்சம் பட்டுச்சுன்னு கேப்பே. துருவித் துருவிக் கேக்கிற ஜென்மமாச்சே நீ. உங்கப்பா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்."

"என்ன சத்தியம்?"

லைன் போய்விட்டதோ என்று தம்பி போனை இன்னும் உயரமாகப் பிடித்தான்.

"அன்னைக்கு மிச்ச ஃபிலிம் சுருள் பூரா அப்பா எடுத்தார். உன்னைத்தான் எடுத்தார், அத்தனையும் உன்னைத்தான். சாயங்காலம் அவர் அசந்த நேரத்துல நீ போய் கேமராவோட பின்மூடியைத் திறந்துட்டே. உள்ளே நாங்க இருக்கோமான்னு பாத்தியாம். வெளிச்சம் பட்டு எல்லாம் போச்சு. நீ எடுத்ததுதான் முதல் படம், சுருளோட அடியில இருந்ததால அந்த ஒண்ணு மட்டும் தப்பிச்சுது. நான் உன்னை அடிக்கக் கை ஓங்கிட்டேன். அப்பா கையைப் பிடிச்சுட்டார். 'குழந்தை உள்ளே என்ன இருக்குன்னு பாத்திருக்கா, அதுல என்ன தப்பு? நீ பாட்டுக்கு சொல்லிக் காட்டிட்டே இருந்தா அப்புறம் கேமராவைத் தொடவே பயப்படுவா. அவகிட்ட மூச்சு விடாதே'ன்னார். நானும் விடலை. அதனால என்ன கெட்டுப் போச்சு? நீ இன்னைக்குக் கேமராவைத் தொட்டுத்தானே பிழைக்கறே?"

தவிடு தட்டைக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், அவ்வளவுதான், மறைக்க ஒன்றுமில்லை. தம்பி பாறை மேலிருந்து என்ன செய்வதென்று தெரியாமல் போனும் கையுமாக நின்றான். அழுது முடித்து மூக்கைத் துடைத்ததும் அவளுக்கு முதலில் வந்தது இன்னொரு கேள்விதான். துருவுகிற ஜென்மம் என்று அம்மா சும்மாவா சொன்னாள்?

"அம்மா, அதுல நீ கையைத் தூக்கி என்ன சொல்றே?"

"விரலை எடுடி, விரலை எடுடின்னு கத்தறேன். கேட்டியா நீ? கடைசி வரைக்கும் எடுக்கலை."

பழைய படம் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டாள். எங்கே போகும், இருக்கிறது என்றாள் அம்மா. வீட்டிலிருந்த தம்பி மனைவி அதைத் தேடி எடுத்து, போனில் படம் பிடித்து அனுப்பினாள். அக்காவும் தம்பியும் பாறைச் சரிவில் ஒண்டி உட்கார்ந்து காத்திருந்தார்கள். அந்தச் சிக்னலுக்குப் படம் வருவதாவது! மங்கலான படத்தின் மேல் கொஞ்ச நேரம் வட்டம் சுற்றியது. எதிரே சிகரங்களில் மஞ்சள் வெயில் ஏறியது. எடுத்தால் நன்றாக வரும் என்று அவளுக்குத் தெரிந்தது, ஆனால் கேமராவைத் தொடவில்லை.

படம் தெளிந்தது. சரிந்த மலை. ஆரஞ்சாக வெந்த ஓரம். பாறை. குனிந்து சிரிக்கும் அப்பா. அவர் தலைமுடியைப் பிய்க்கும் தம்பி. கத்துகிற அம்மா. கீழ் மூலையில், எல்லோரையும்விடப் பெரிதாக, சிவப்பாக ஒரு விரல்.

"நாலு பேரும் இருக்கோம்" என்றாள் தவிடு.

"இருக்கோம்" என்றான் தம்பி. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "அத்தனை படமும் உன்னையாம். என்னை ஒண்ணுகூட எடுக்கலையாமே அந்த மனுஷன்? அப்போ தவிட்டுக்கு வாங்கினது யாரை?" என்றான்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "கிளம்பு தவிடு, இருட்டறதுக்குள்ள இறங்கணும்" என்று சொல்லிவிட்டு, மூட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.